கூப்பிட்டால் திரும்பாதவள்

இங்கே உட்காருங்க அக்கா. நீங்க ஜன்னலோரம் போயிடுங்க, நான் இந்தப் பக்கம் வந்துக்கிறேன். காத்து நல்லா வரும். பெரியகுளம்தானே? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. தப்பா நினைக்காதீங்க, தொழில் அப்படி. ரேடியோ செட் போடுறவன் நான். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு, எழவு வீடு, எதுன்னாலும் குழாய் கட்டி மைக் கொடுக்கிறது என் வேலை. பத்துக் குழாய் கட்டியிருந்தாலும், அதுல ஒண்ணு கம்மியாப் பேசினா எந்த மரத்துக் குழாய்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். பாக்ஸ் ரெண்டுல ஒண்ணு செத்துப்போனா ஜனங்களுக்குத் தெரியாது, அவங்க பாட்டுக்கு ஆடிக்கிட்டிருப்பாங்க. நான் ஓடிப்போய் ஒயரைப் பார்ப்பேன்.

நானும் பெரியகுளத்துப் பக்கம்தான். ரெண்டு ஸ்டாப் முன்னாடி. இறங்குவேனா மாட்டேனான்னு தெரியலை, அதை அப்புறம் சொல்றேன்.

பேசினா உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு அக்கா, ஒரு ஆள்கிட்ட முழுசா நாலு வார்த்தை பேசி. திண்டுக்கல்லில் ஒரு சிநேகிதனோட குடோனில் இருக்கிறேன். அவனும் ரேடியோ செட்தான். காலையில் பத்தரைக்கு ஒரு இடத்துக்குப் போவேன். அங்கே ரைட்டர், “வந்தியா. போடு. போ” என்பார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. டீக்கடைக்காரர்கூட என் தலையைப் பார்த்ததும் ஊற்றி வைத்துவிடுவார், ‘டீ’ என்கிற ஒரு சொல்லுக்கும் வேலையில்லை. சும்மா கிடக்கும் ஆம்ப்ளிஃபையர் ஈரம் கட்டிவிடும் என்று சாயங்காலம் கொஞ்சம் போட்டு வைப்பேன். மைக்கைப் பிடித்து ஹலோ ஹலோ, ஒன்னு ரெண்டு மூணு என்பேன். சுவரில் பட்டுத் திரும்பி வரும். யாரோ பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

என் பொண்டாட்டிக்கு முந்தாநாள் குழந்தை பிறந்திருக்கிறது அக்கா.

சிரிக்கிறீங்க. நன்றி. நீங்கதான் முதல் ஆள். வேற யாரும் ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பால்காரர் ஒருவர் போன் போட்டு, “பிறந்துருச்சாம்டா ஜெயபாண்டி” என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன குழந்தை என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டு நாளாக எனக்கு ஆணா பெண்ணா தெரியாது. பெற்ற அப்பனுக்கு என்ன குழந்தை என்று தெரியாமல் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

ஏன் வீட்டில் இல்லை என்று கேட்பீங்க. கேளுங்க. எல்லாத்துக்கும் காரணம் ஒரு நர்ஸம்மா. இல்லை, அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

யோகஸ்ரீ. அதுதான் அவள் பெயர். என் கூடப்பிறந்த அக்கா பஞ்சவர்ணத்தின் மகள். நான் தாய்மாமன். எங்கள் பக்கம் அது முறைதான். உங்கள் பக்கமும் உண்டுதானே? ஆங், அப்ப உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது நான் சொந்தமாக செட் வாங்கினேன். ‘யோகஸ்ரீ சவுண்ட் சர்வீஸ்’ என்று எல்லாக் குழாயிலும் பெயின்டில் எழுதினேன். வைகைக்கு இந்தப் பக்கம் எத்தனை ஊர் மரத்தில் அவள் பெயர் தொங்கியிருக்கிறது தெரியுமா? அவளே எண்ணிச் சொல்வாள். “மாமா, இன்னிக்கு நான் எந்த ஊர்ல கத்தினேன்?” என்று கேட்பாள். அப்படிப் பேசின பிள்ளைதான்.

இருங்க, ஒரு போட்டோ காட்டுறேன். பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். உள்ளே இருந்தபோது வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளியே வரும்போது முதலில் இதைத்தான் எண்ணிப் பார்த்தேன். இந்தா பாருங்க. மொட்டைத் தலையோடு அழுகிறாளே, அவள்தான். பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். குலசாமி கோயிலில் காது குத்து. மீசை அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, பாருங்க, பென்சிலில் கோடு போட்ட மாதிரி. எனக்குப் பதினேழு வயது. ஒன்றும் தெரியாத பிள்ளை அக்கா நான். பதினேழில் என்ன தெரியும்? வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளை தலையை ஆட்டும். ஆட்டினால் தப்பிவிடும். அதற்குத்தான் மாமன் இறுக்கிப் பிடிக்கிறது. நான் பிடித்த பிடியில் அசையவே இல்லை. “மாப்பிள்ளை நல்லாப் பிடிக்கிறான்”னு ஆசாரியே சொன்னார். அப்போதே மாப்பிள்ளை என்றுதான் சொன்னார், பாருங்க.

அழகாக இருக்கிறதா? எல்லோரும் இந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்ப்பார்கள். அந்த நர்ஸம்மாவும் இப்படித்தான் பார்த்தார்கள். நீங்களும் அந்த மூலையைத்தான் பாக்கிறீங்க. அது தேதி. அந்தக் காலத்து கேமராவில் தானாக விழும்.

கொடுங்க, கசங்கிடும்.

மச்சான் கேரளாவுக்கு ஏலத் தோட்டத்துக்குப் போனவர் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அக்கா தனியாக இந்தப் பிள்ளையை வளர்த்தாள். இவள் பதினொன்றாவது படிக்கும்போது பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற பையனோடு நின்று பேசினாள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். ஏதோ நோட்டுக் கேட்டானாம். அக்கா அன்றைக்கு என் ஷெட்டுக்கு வந்து குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். “வெளியில கெட்டுப்போறதுக்கு நீயே கட்டிக்கடா. உன் மடியில உட்காந்தவதானே” என்றாள். நான் தட்டவில்லை. பதினாறு வயது வித்தியாசம். எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதினெட்டு.

அவளைக் கேட்டோமா என்றா கேட்கிறீங்க? கேட்டோமே. கேட்காமல் செய்வோமா? அக்காதான் கேட்டாள். “மாமா நல்லவரா கெட்டவரா?” என்று கேட்டாள். “நல்லவரு” என்றாள் இவள். அப்புறம் என்ன?

மலையடிவாரத்துக் கோயிலில் தாலி கட்டினேன். ஊருக்கெல்லாம் குழாய் கட்டினவன், என் கல்யாணத்துக்கு ஒரு குழாய் கட்டவில்லை அக்கா. சத்தம் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

வரும்போது பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். “மாமா, ப்ளஸ் டூ மட்டும் முடிச்சிடுறேன் மாமா” என்றாள். “படி, யாரு வேண்டாம்னா” என்றேன். அடுத்த மாதமே வாந்தி. அப்புறம் எங்கே பள்ளிக்கூடம் போவது? பையை நான்தான் ஒயர் பெட்டிக்குப் பக்கத்தில் பரணில் வைத்தேன். பத்திரமாகத்தான் வைத்தேன். அவள் அதில் ஒரு புத்தகத்தை மட்டும் எப்படியோ இறக்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இயற்பியலோ என்னவோ.

அந்தப் புத்தகத்தால்தான் முதல் சண்டையே வந்தது. ஒரு பார்ட்டி கல்யாணத்துக்கு செட் பேச வந்திருந்தார். பெரிய இடம். நான் நாலு பாக்ஸைச் சேர்த்து ஒரே ஆம்ப்ளிஃபையரில் கட்டிப் பாடவிட்டுக் காட்டுகிறேன். இவள் டீ கொண்டுவந்து வைத்தவள் போக வேண்டியதுதானே? நின்று பார்த்துவிட்டு, “மாமா, பக்க இணைப்புல கட்டினா மின்தடை குறைஞ்சிடும் மாமா. ஆம்ப்ளிஃபையர் தாங்காது” என்றாள். பார்ட்டி சிரித்துவிட்டார். “என்ன ஜெயபாண்டி, வீட்டுலயே இன்ஜினியர் வச்சிருக்க!” என்றார். இருபது வருடத் தொழில் அக்கா. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளை எனக்குப் பாடம் சொல்கிறாள்.

அவர் போன பிறகு ஆம்ப்ளிஃபையர் புகைந்துபோனது. அது வேற விஷயம்.

அன்றைக்குத்தான் முதல் தடவை கை பட்டது.

நான் வார்த்தையைப் பார்த்துத்தான் பேசுவேன் அக்கா. மைக் முன்னால் நின்று பழகினவன். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னார்கள், வக்கீல் பேப்பரிலும் அந்த வார்த்தை இருக்கிறது, ஆனால் என் வாயில் அது வராது. நான் செய்தது அது இல்லை. கை பட்டது. இந்தக் கன்னத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி. ஒரே ஒரு தடவை. அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, காதுக்குள்ள கொய்யினு கத்துது மாமா. உங்க மைக்கு கத்துமே, அந்த மாதிரி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வால்யூமைக் குறைச்சுக்கோ” என்றேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ராத்திரி முட்டை புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தத் திமிர் வந்தது.

என்ன திமிர் என்றால், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நான் ஷெட்டில் இருந்து “யோகா, லைனைப் போடு” என்பேன். அவள் இங்கே சுவர் பக்கம் பார்த்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். மறுபடியும் கூப்பிடுவேன். ம்ஹும். கிட்டப் போய் நின்று கூப்பிடுவேன், தோளைத் தொட்டால்தான் துள்ளி விழுந்து, “கூப்பிட்டீங்களா மாமா?” என்பாள். என்ன நடிப்பு பாருங்க. அதே இவள் தோழி வாசலில் மெதுவாக வந்து நின்றால் எழுந்து ஓடுவாள். அந்தப் பக்கத்தில் இருந்து வந்தால் கேட்கிறது, இந்தப் பக்கம் நான் நின்றால் கேட்கவில்லை. படுக்கும்போதும் ஒரு காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்வாள். அப்புறம் இடியே விழுந்தாலும் தெரியாத மாதிரி கிடப்பாள். போன் பேசினாலும் வலது பக்கம்தான் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியாதா, மனுசனுக்கு மரியாதை கொடுக்காததற்கு எத்தனை வழி இருக்கிறது என்று?

ஒருத்தன் நாள் முழுக்க ஊர் ஊராகக் குழாயில் கத்துகிறான், நாலு மைல் வரை கேட்கிறது. வீட்டுக்கு வந்தால் நாலு முழத்தில் இருக்கிறவளுக்குக் கேட்கவில்லை. எப்படி இருக்கும் அக்கா? அந்த வீட்டில் தனியாக இருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்ப மாட்டாள். அப்புறம் கை போகும். எத்தனை தடவை என்று கேட்டார்கள். அதையெல்லாம் யார் கணக்கு வைத்தார்கள்? அவளாக ஒரு தடவை தடுமாறிக் குழாய் மேல் விழுந்தாள், அதையும் சேர்த்துவிட்டார்கள்.

டிரைவர் என்ன இப்படி ஹாரனை அமுக்கிக்கிட்டே இருக்கான்? தேவையே இல்லை. நாலு பேர் பேச முடியுதா பாருங்க.

ஏழாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்புக்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டு அனுப்பியிருந்தாள். அதைப் பற்றித்தான் பேச நினைத்தேன், நல்ல விஷயம்தான். கூப்பிட்டேன். இரண்டு தடவை, மூன்று தடவை. அவள் கதவுப் பக்கம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உதட்டால் படித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். தோடு கழண்டு விழுந்துவிட்டது. இடது காதுத் தோடு. ஓட்டை கொஞ்சம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான், ரத்தம் வந்தால் பெரிதாகத் தெரியும். நானே மஞ்சள் வைத்துத் துணியால் அழுத்திப் பிடித்தேன். அவள் என் மடியில் தலையைச் சாய்க்கவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டாள். “இந்தக் காதைத்தானடி நான் பிடிச்சுக் குத்தினேன், எனக்கு வலிக்காதா?” என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன் என்று நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை செக்கப். ஆரம்ப சுகாதார நிலையம். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், வண்டியில் மெதுவாக, ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றி. கேட்டுப் பாருங்க யாரை வேணும்னாலும், ஒரு செக்கப்பை நான் தவறவிட்டதில்லை. வயது கேட்டால் பத்தொன்பது என்று சொல்லு, பிறந்த வருடம் கேட்டால் ஆதார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லு, இதை நூறு தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன். முதலில் இருந்த நர்ஸம்மா அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குப் புதிதாக ஒருவர். கண்ணாடி போட்ட அம்மா, உங்கள் வயது இருக்கும்.

“மாத்திரை எல்லாம் சரியாச் சாப்பிடுறியாம்மா?” என்றார்கள். இவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள். இவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கேவலமாகப் போய்விட்டது. “இவ இப்படித்தான் மேடம், கூப்பிட்டா திரும்ப மாட்டா” என்று நான் சிரித்துச் சமாளித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து சுற்றி வந்து வலது பக்கம் நின்று, எனக்கே கேட்காத குரலில், “யோகஸ்ரீ” என்றார்கள். டக்கென்று திரும்பினாள் அக்கா! பார்த்தீங்களா? வெளி ஆள் கூப்பிட்டால் திரும்புகிறாள்.

காதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்கள். என்னிடம் திரும்பி, ரொம்ப அன்பாக, “சொந்தமாப்பா?” என்றார்கள்.

“அக்கா மக மேடம்.”

“அட. அப்ப நீ தூக்கி வளர்த்த பிள்ளைதான்.”

அப்படி ஒருவர் மனசாரக் கேட்டால் யாருக்குத்தான் பேசத் தோன்றாது? பர்ஸைத் திறந்து போட்டோவை எடுத்து நீட்டினேன். “என் மடியிலதான் மேடம் காது குத்தினோம்” என்றேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். “குழந்தைக்கு அப்ப ஒரு வயசு இருக்குமா?” என்றார்கள். எனக்குச் சிரிப்பு. படித்தவங்களுக்கு நம்ம முறை எங்கே தெரிகிறது? “ஒரு வயசுல குத்த மாட்டோம் மேடம். ஒத்தப்படை மாசத்திலதான் குத்தணும். இவளுக்குச் சரியாப் பதினோராவது மாசம்” என்று விளக்கினேன். “அப்படியா, எனக்கு இது தெரியாதே” என்றார்கள். பேனாவை எடுத்து அட்டையில் ஏதோ எழுதினார்கள். எவ்வளவு மரியாதையான பெண்மணி என்று நினைத்தேன்.

அப்புறம், “ஆதார் ஒரு ஜெராக்ஸ் வேணும்ப்பா, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறியா? அவ இருக்கட்டும், அலைய வேண்டாம்” என்றார்கள். போனேன். ஆதார் எடுக்கவில்லை, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்ல வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே இவள் குரல் கேட்டது. ஆறு மாதமாக என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், பேசிக்கொண்டே இருக்கிறாள். என்ன பேசினாள் என்று காதை வைத்துக் கேட்டேன், ஃபேன் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. என் காதுக்கே பிடிபடவில்லை அக்கா.

அந்த அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வயதைச் சொல்லிவிட்டாள். வேறு எப்படித் தெரிந்திருக்கும் அவர்களுக்கு? இவள் சொன்னால்தானே? நூறு தடவை சொல்லிக் கொடுத்தேன், பத்தொன்பது, பத்தொன்பது என்று. “நான் பத்தொம்பதுன்னுதான் மாமா சொன்னேன்” என்று ஸ்டேஷன் வாசலில் அழுகிறாள். பொய். கடைசியாக அவள் என்னிடம் சொன்னது அந்தப் பொய்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பொம்பளை. “கை பட்டுச்சு மேடம்” என்றேன். “கை பட்டா தோடு அந்து விழுமா? கை பட்டா காதுச் சவ்வு கிழியுமா?” என்று கேட்டாங்க. டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டாராம், இடது காது கேட்காது என்று. கேஸுக்காக எழுதுறதுதானே. கேட்காமலா இத்தனை மாதம் என் கூட இருந்தாள்? எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? பத்துக் குழாயில் ஒன்று பேசாவிட்டால் கண்டுபிடிக்கிறவன் நான்.

அதுகூடப் பரவாயில்லை. பேப்பரில் புகார் கொடுத்தவர் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறது. பஞ்சவர்ணம் என்று எழுதியிருக்கிறது. என் அக்கா. ஒரே வயிற்றில் பிறந்தவள். கட்டிக்கோ என்று ஷெட்டில் உட்கார்ந்து அழுதவள். கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலது பக்கமாக. நாற்பது நாள் உள்ளே இருந்தேன். மனு போட்டு என்னைப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. மற்றவர்களுக்கு எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழுந்து போவார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெயிலில் கண்டிஷன். திண்டுக்கல்லில் தங்க வேண்டும், தினமும் கையெழுத்து, அந்தப் பக்கம் போகக் கூடாது, அவர்களோடு பேசக் கூடாது. இன்றைக்குக் காலையில் போட்டுவிட்டேன். நாளைக்குப் பத்தரைக்குத்தான் மறுபடி. நடுவில் எங்கே போகிறேன் என்று யார் பார்க்கிறார்கள்? ஊருக்குள் போகக் கூடாது என்றுதான் இருக்கிறது. பஸ்ஸில் போகக் கூடாது என்று இல்லையே.

ஒரு சாமான் கொடுக்க வேண்டும். இதோ, இந்த ரோஸ் பேப்பரில் பாருங்க. ஒத்தைத் தோடு. அன்றைக்கு விழுந்தது ஆம்ப்ளிஃபையர் மேசைக்குக் கீழே உருண்டுபோயிருந்தது. ஆசாரியிடம் கொடுத்து நெளிவெடுத்து, புதுத் திருகு போட்டு வைத்திருக்கிறேன். ஒத்தைத் தோட்டோடு பிள்ளை பெற்றிருப்பாள் அக்கா, என் பொண்டாட்டி. யோசித்துப் பாருங்க. கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வா என்றால் கூட்டிக்கொண்டு வருவேன். வருவாள் என்றுதான் நினைக்கிறேன். வேறு எங்கே போவாள்? பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா? அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் யார் மடியில் உட்கார வைப்பார்கள்? மாமன் முறைக்கும் நான்தான், அப்பன் முறைக்கும் நான்தான். பெண் பிள்ளையாக இருந்தால் பதினோராவது மாதத்திலேயே குத்திவிட வேண்டும். நான் நல்லாப் பிடிப்பேன்.

அக்கா, உங்ககிட்ட ஒரே ஒரு உதவி.

அவள் நம்பருக்கு நான் போட்டால் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. குடோன்காரன் போனிலிருந்து போட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். நீங்க போடுங்க. நான் பேசலை, நீங்களே பேசுங்க. பொம்பளைக் குரல்னா வைக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்னு சொல்லுங்க. என்ன குழந்தை, அது மட்டும் கேளுங்க. அப்புறம் வீட்டுல இப்ப யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான். அவள் குரல் பக்கத்தில் இருந்தா எனக்கே கேட்டுடும், ஸ்பீக்கர்கூடப் போட வேண்டாம். நம்பர் சொல்லட்டுமா? எனக்கு மனப்பாடம்.

சார்ஜ் இல்லையா?

சரி. சார்ஜ் இல்லைன்னா என்ன செய்ய முடியும். இவ்வளவு நேரம் அதுல என்னமோ எழுதிக்கிட்டே வந்தீங்க, அதான் கேட்டேன். இப்பத்தான் தீர்ந்திருக்கும். பரவாயில்லை அக்கா. நான் ஒண்ணும் நினைக்கலை. எல்லாரும் அப்படித்தான்.

இறங்கணுமா? இது தேவதானப்பட்டி. பெரியகுளம் வர இன்னும் நேரம் இருக்கு. டிக்கெட் அது வரைக்கும் எடுத்திருக்கீங்களே. உட்காருங்க. கூட்டமா இருக்கு, எங்கே நிப்பீங்க?

நான் இனிமே பேசலை. நீங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு வாங்க. நல்லா காத்து வருது.

அக்கா.

அக்கா, உங்க பையில போன் அடிக்குது.

எடுங்க. சார்ஜ் இருந்திருக்கு பாருங்க. பை வாய்கிட்டேயே வெளிச்சம் தெரியுது. ‘பாப்பா’ன்னு வருது. உங்க மகளா? எத்தனையாவது படிக்கிறா? எடுத்துப் பேசுங்க, பாவம். நின்னுருச்சு. இல்லை, மறுபடி அடிக்குது.

கேக்கலையா? நான் இந்தப் பக்கம்தானே இருக்கேன். அக்கா. கூப்பிடுறேன்ல, கொஞ்சம் திரும்புங்க. எவ்வளவு நேரமா அடிக்குது பாருங்க. அக்கா.